ரிப்பனுக்கு முன்னால் பிரிந்த கரு

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையில், கடலை ஒருநாளும் கண்டிராத ஒரு செம்மண் மேட்டின்மேல் கடலுயிர்க் கருவியல் ஆராய்ச்சி நிலையத்தைக் கட்டியிருந்தார்கள். வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் மைசூர் ராஜ்யம். கடலைத் தொட வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம் என்று ஒரு பகல் முழுக்க லாரியில் குலுங்க வேண்டும்.

ராஜ்யங்களைப் பிரித்துக் கோடு போட்ட புதிதில், எல்லையோரத்தில் நம்முடைய பெரிய கட்டடம் ஒன்று நின்றாக வேண்டும் என்று சென்னையில் யாருக்கோ தோன்றிவிட்டது. என்ன கட்டடம் என்பது அப்புறம் யோசித்த விஷயம். அந்த வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது கடல் முள்ளெலியைப் பற்றிய ஒரு திட்டம்தான். ஓசூரில் குளிர்ச்சியாக இருக்கும், விஞ்ஞானிகள் வேர்வை சிந்தாமல் சிந்திக்கலாம் என்று டைரக்டர் டாக்டர் கோதண்டபாணியும் தலையசைத்தார். மேட்டுக்குச் சொந்தக்காரியான நாகம்மாவுக்கு நிலத்துக்குப் பதிலாக நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை கொடுத்தார்கள். பள்ளத்தில் ஒரு துண்டு நிலத்தை மட்டும் பெருந்தன்மையாக அவளுக்கே விட்டுவைத்தார்கள்.

இங்கேதான் சபீஹா வேலைக்கு வந்து சேர்ந்தாள். கிருஷ்ணகிரி மாங்காய் வியாபாரி காஜா மொய்தீனின் மகள். சென்னையில் விலங்கியல் படித்தவள். கடல் முள்ளெலி என்பது பந்துபோல் உருண்டு, உடம்பெல்லாம் முள்ளாக, கடலடிப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு பிராணி. அதன் முட்டை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்குமாம். கருவுற்றதும் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, பார்க்கிறவர் கண்ணுக்கு நேராகவே ஓர் உயிர் தன்னைக் கட்டிக்கொள்ளுமாம். கல்லூரியில் இதைப் படித்த நாளிலிருந்து அவளுக்கு வேறு ஆசை இல்லை. வந்த மாப்பிள்ளைகளையெல்லாம், "அத்தா, கொஞ்ச நாள் போகட்டும்" என்று தள்ளிவிட்டு வந்திருந்தாள்.

"முள்ளெலி எங்கே இருக்கு சார்?" என்று முதல் நாளே கேட்டாள்.

நிர்வாக அதிகாரி சின்னராஜ் அவளை ஓர் அலமாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஜாடி ஜாடியாக, மருந்துத் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போன முள்ளெலிகள்.

"செத்ததா சார்?"

"செத்ததுன்னு சொல்லக் கூடாதும்மா. பாதுகாக்கப்பட்டது."

"செத்த முட்டை எப்படி சார் பிரியும்? அதுல என்சைம் எப்படி வேலை செய்யும்?"

"வேலை செய்யுதே! மூணு வருஷமா அளந்து எழுதறோம். ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. ஒரே சீரா இருக்குது" என்றார் சின்னராஜ். அவர் சொன்னது நிஜம். பூஜ்யம் எப்போதும் ஒரே சீராகத்தான் இருக்கும்.

உயிருள்ள முள்ளெலியை வரவழைக்க நிலையம் முயலாமல் இல்லை. ரயில் பார்சலில் ஜோலார்பேட்டை வரை வரும். அங்கே, பிராணிக்கு உண்டான கட்டணமா மீனுக்கு உண்டான கட்டணமா என்று ரயில்வேக்காரர்கள் முடிவு செய்வதற்குள், நாற்றமே ஒரு முடிவு செய்துவிடும். நிலையத்துக்கு வந்து சேரும் கூடையைச் சின்னராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு திறந்து, "நலமுடன் வந்து சேர்ந்தது" என்று கையெழுத்துப் போடுவார்.

நாலாவது கூடைக்குப் பிறகு டைரக்டர் ஓர் ஆணை பிறப்பித்தார். கடல் முள்ளெலி கிடைக்காத காலங்களில் அதற்கு இணையான வேறு முட்டையைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தலாம். இணையான முட்டை எது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு கோழி முட்டையைக் கண்டுபிடித்தது. ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து கூடை கூடையாக முட்டை வந்தது. ஆராய்ந்தது போக மிச்சத்தை அழிக்க இன்னொரு குழு. அந்தக் குழு வாரந்தோறும் மிளகுத்தூளும் உப்பும் எடுத்துக்கொண்டு தவறாமல் கூடியது. நிலையத்திலேயே ஒழுங்காக வேலை செய்த குழு அது ஒன்றுதான்.

கடல் இல்லாவிட்டாலும் கடல்நீர் இருந்தது. பீப்பாய் பீப்பாயாகச் சென்னையிலிருந்து வந்து, மேட்டின்மேல் கட்டிய தொட்டியில் நிரம்பியது. உள்ளே விட முள்ளெலி இல்லாததால் மழைக்காலத்தில் தொட்டி வழிந்தது. வழிந்தது நேராக நாகம்மாவின் துண்டு நிலத்தில் இறங்கியது. கதிர் விட்டிருந்த கேழ்வரகு நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. அவள் அழுதுகொண்டே டைரக்டர் அறை வாசலில் போய் நின்றபோது சபீஹாவும் கூடப் போனாள்.

கோதண்டபாணி கோபப்படுகிற மனிதர் இல்லை. யாரிடமும் கனிவாகவே பேசுவார். அதுதான் தாங்க முடியாதது.

"இதோ பாரும்மா நாகம்மா. உன் நிலத்துல கடல்நீர் ஏறியிருக்கு. கடல்நீர் ஏறுற எடத்துக்குப் பேரு என்ன? கடற்கரை. கடற்கரையில கேழ்வரகு போட்டா விளையுமா? நீதான் யோசிச்சிருக்கணும்."

"சாமி, எங்க பாட்டன் காலத்துல இருந்து அது கேவுரு வெளஞ்ச பூமிங்க. இப்ப நாங்க என்னாத்தத் திங்கறது?"

"ராஜ்யமே கடல் இல்லாத தாலுக்காவுக்குக் கடற்கரை குடுத்திருக்கு. அந்தப் பெருமை உனக்கு இல்லையே!" என்று வருத்தப்பட்டார் டைரக்டர்.

சபீஹாவுக்குத் தொண்டை வரை ஏதோ வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. விழுங்கிக்கொண்டாள். விழுங்கியது உள்ளேயே கிடந்தது.

உயிருள்ள முள்ளெலிக்கு அவளே ஒரு வழி தேடினாள். சென்னையிலிருந்து பெங்களூருக்கு ஐஸ் போட்டு மீன் கொண்டுபோகும் லாரி ஓட்டுநர் ஜமீர் அகமது, அவள் அத்தாவின் மாங்காய்க்கும் பழைய லாரிக்காரர். ஓசூர் வழியாகத்தான் போவார்.

"பாய், எனக்கு முள்ளெலி உசுரோட வேணும். கடல்பாசியில சுத்தி, ஈரச் சாக்குல மூடி, ஐஸ் மேலே படாம பக்கத்துல வெச்சுக் கொண்டாருவீங்களா?"

"என்னாம்மா இது, மீன் கேக்காம முள்ளக் கேக்குற! மீன்காரங்க வலையில சிக்குனா திட்டிக்கிட்டே தூக்கி எறியறது அது. கொண்டாறேன், போ."

அவர் கொண்டுவந்து இறக்கிய விடியற்காலையில் சாக்கைப் பிரித்த சபீஹா மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். கருநீல முட்கள் மெல்ல மெல்ல அசைந்தன. ஆராய்ச்சி நிலையம் திறந்து மூன்று வருஷத்தில் அங்கே வந்த முதல் உயிருள்ள ஆராய்ச்சிப் பொருள்.

துரதிருஷ்டவசமாக அன்றைக்குத்தான் அமைச்சர் வருகிற நாள். மூன்று வருஷமாக நடந்துகொண்டிருந்த என்சைம் ஆய்வுக்கூடம் இன்னும் முறைப்படி திறக்கப்படவில்லை என்பது போன மாதம்தான் யாருக்கோ ஞாபகம் வந்திருந்தது.

நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது. முள்ளெலிகள் களைத்திருந்தன. சபீஹா உப்புக் கரைசலை ஊசியில் ஏற்றிப் போட்டாள். பெண் முள்ளெலியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் இழை இழையாய் இறங்கின. ஆணிலிருந்து பால்போல ஒரு துளி. இரண்டையும் கலந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் ஒரு மெல்லிய வளையம் எழுந்து நின்றது. கரு கொண்டாயிற்று. இனி இது ஒவ்வொரு முறை பிரியும்போதும் கொஞ்சம் எடுத்து ஐஸில் வைத்து நிறுத்த வேண்டும். உள்ளே டி.என்.ஏ. எவ்வளவு ஏறியது, அதைச் செய்துகொடுக்கும் என்சைம் எவ்வளவு இருக்கிறது என்று பிறகு அளக்கலாம். நாகம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு ஜமீர் இறக்கிவைத்த ஐஸை எடுத்துவர ஓடினாள்.

திரும்பி வந்தபோது ஆய்வுக்கூட வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் தட்டும் கத்திரிக்கோலுமாகச் சின்னராஜ்.

"உள்ள போவணும் சார்."

"அமைச்சர் வெட்டாம யாரும் உள்ள போகக் கூடாது. நீங்க முதல்ல வாசலுக்குப் போங்க. பன்னீர் தெளிக்க ஆள் வேணும். நிலையத்துல பொம்பளைன்னு நீங்க ஒருத்திதான் இருக்கீங்க."

தலையில் ஐஸ் சட்டியோடு நின்ற நாகம்மா தன் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சார், முட்டை கரு கொண்டுருச்சு. இன்னும் செத்த நேரத்துல பிரியப் போவுது. நான் எடுத்து வெக்கணும்."

"பிரியச் சொல்லாதீங்க! அமைச்சர் வந்து தொடங்கி வெச்சப்புறம் பிரியட்டும்."

"நான் சொல்லி அது பிரியலைங்க சார்!"

"பாத்தீங்களா? மேலதிகாரி உத்தரவு இல்லாம எதுவும் நடக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சுற்றறிக்கை விட்டிருக்கேன்?"

டைரக்டரும் வந்து சேர்ந்தார். சபீஹா அவரிடம் கெஞ்சினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சூளகிரியில் அமைச்சருக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதிகம் போனால் மத்தியானம் ஆகும் என்றார்.

"அதுக்குள்ள எல்லாம் போயிரும் சார்."

"போனா போகட்டும்மா. முள்ளெலி கடல்ல நிறைய இருக்கு. அமைச்சர் ஒருத்தர்தானே?"

அவள் கையில் பன்னீர்ச் சொம்பைக் கொடுத்தார்கள். மேளக்காரர்கள் சுருதி கூட்டினார்கள். கதவுக்கு அந்தப் பக்கம், மேஜைமேல், ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்குள் ஆயிரக்கணக்கான முட்டைகள் யாருக்கும் காத்திராமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் நடந்த ஒரே வேலை அதுதான். அதைப் பார்க்க விடாமல் அவளை வாசலில் நிறுத்தி, வருகிறவன் போகிறவன் சட்டைமேல் வாசனைத் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்கள். கருகிய கேழ்வரகு அவள் கண்ணுக்குள் வந்தது. ஆறு மாதமாக விழுங்கியதெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது.

சொம்பைச் சின்னராஜின் கையில் திணித்தாள். தட்டிலிருந்த கத்திரிக்கோலை எடுத்தாள். ஒரே வெட்டு. ரிப்பன் இரண்டாகப் பிரிந்தது.

"வாங்க நாகம்மாக்கா" என்று உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

வெளியே கதவைத் தட்டினார்கள், திட்டினார்கள், பிறகு ரிப்பனுக்காக ஓடினார்கள். வேறு ரிப்பன் ஓசூரில் கிடைக்கவில்லை. வெட்டிய இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டுக் கட்டினார்கள். உள்ளே சபீஹா குனிந்த தலை நிமிரவில்லை. முட்டையின் நடுவில் மெல்ல ஒரு பள்ளம் விழுந்து, இடுப்பு ஒடுங்கி, ஒன்று இரண்டானது.

"நாகம்மாக்கா, இங்க வந்து பாருங்க. ஒத்தக் கண்ணை மூடிக்கங்க."

நாகம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அடியாத்தா! ரெண்டு ரெண்டா நிக்குதே. யாரும்மா வெட்டுனா?"

"யாரும் வெட்டலைக்கா. தானா ஆகுது. ஒண்ணு ரெண்டாகுறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற சரக்கு ரெண்டு மடங்காகணும். அதுதான் டி.என்.ஏ. அதைச் செஞ்சு குடுக்குற வேலையாளுங்கதான் என்சைம்."

"எட்ட இருந்து பாத்தா கலங்கல் தண்ணி மாதிரி இருந்துது" என்றாள் நாகம்மா. இன்னொரு முறை பார்த்தாள்.

மத்தியானம் தாண்டி அமைச்சர் வந்தார். முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டினார். நாகம்மா உள்ளிருந்து தாழ்ப்பாளை நீக்கியதும், குனிந்து வேலை செய்துகொண்டிருந்த சபீஹாவைப் பார்த்து, இதுவும் வரவேற்பு நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் முகம் படத்தில் விழாது என்று புகைப்படக்காரர் சொன்னதால், அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

டைரக்டர் மேடையில் பேசினார்: "கரு என்பது ஒரு திட்டம். திட்டம் வளர வளர ஆட்கள் கூட வேண்டும். டி.என்.ஏ. பெருகப் பெருக என்சைமும் பெருகும். பன்னிரண்டு பேரோடு தொடங்கிய இந்த நிலையம் இன்று நூற்றைத் தாண்டியிருக்கிறது. கரு நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்!" அமைச்சர் அந்த இடத்திலேயே இன்னும் ஐம்பது பேருக்கு அனுமதி தந்துவிட்டு, முள்ளெலி நம் எல்லையைக் காக்கும் என்று கூறிப் புறப்பட்டார்.

அளந்து முடிக்க அந்த வாரம் முழுக்கப் பிடித்தது. அளக்கும் யந்திரத்துக்கு ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை குங்குமம் மட்டும்தான் வைத்திருந்தார்கள். அதைத் துடைத்து மின்சாரம் கொடுத்ததே சபீஹாதான். கண்டது இது: கரு பிரியப் பிரிய டி.என்.ஏ. ஏறிக்கொண்டே போயிற்று. அவள் அளந்த என்சைமோ கருவுறாத முட்டையிலேயே நிறைந்து கிடந்தது. வளர்ச்சி கூடக் கூட அது இறங்கிக்கொண்டே வந்தது. இன்னொரு முறை அளந்தாள். அப்படித்தான் இருந்தது. ஓடிப்போய் டைரக்டரிடம் சொன்னாள்.

கோதண்டபாணி கதவைச் சாத்தினார்.

"இதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சியாம்மா?"

"முட்டை முன்கூட்டியே சேத்து வெச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிக்குதுன்னு நினைக்கிறேன் சார். அப்புறம் செலவழிக்குது."

"அது இல்லைம்மா. ஆள் குறையக் குறைய வேலை கூடுதுன்னு அர்த்தம். இது நிதி இலாகா காதுல விழுந்தா என்ன ஆகும்? ஐம்பது குடும்பம்மா! முள்ளெலி சொல்லுதுன்னு ஐம்பது குடும்பத்து வயித்துல அடிப்பியா?"

"நாகம்மா குடும்பத்தை யார் சார் பாத்தாங்க?" என்றாள் சபீஹா.

அடுத்த நாள் நாகம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குச் சின்னராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார்: துப்புரவுப் பணியாளர் விஞ்ஞானக் கருவியில் கண் வைத்தது குற்றம். அதற்கடுத்த நாள் சபீஹாவின்மேல் விசாரணை. சென்னையிலிருந்து வந்த மூன்று பேர், முட்டையை அழிக்கும் குழு கூடுகிற அதே அறையில் உட்கார்ந்தார்கள்.

"நீங்கள் ரிப்பனை வெட்டிய சமயத்தில் உங்கள் பதவி என்ன?" என்று தலைவர் கேட்டார்.

"ஆராய்ச்சி உதவியாளர்."

"ஆராய்ச்சி உதவியாளர் எவ்வளவு நீளம் வரை ரிப்பன் வெட்டலாம் என்று விதி இருக்கிறதா?"

"இல்லைங்க."

"விதி இல்லாததைச் செய்திருக்கிறீர்கள். சரி. கரு முதன்முதலில் பிரிந்தது அமைச்சர் வருமுன்பா, வந்த பின்பா?"

"வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்கள் சின்ன வயசு. தகப்பனார் மரியாதைப்பட்டவர். ரிப்பனை வெட்டியது அந்தக் கூட்டுகிறவள் என்று சொல்லிவிடுங்கள். அவளுக்குத்தான் ஏற்கெனவே வேலை போய்விட்டதே, புதிதாக ஒன்றும் நஷ்டமில்லை. கருவும் அமைச்சர் வந்த பிறகு பிரிந்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வேலையில் இருக்கலாம்."

சபீஹா எழுந்து நின்றாள்.

"அவங்க பூமியைப் புடுங்கினீங்க. மிச்சத்துல உப்பு ஊத்துனீங்க. வேலையைப் புடுங்கினீங்க. இப்ப பழியையும் அவங்க தலையில வெக்கப் பாக்குறீங்க. வெட்டுனது நான். நல்லா எழுதிக்குங்க. மறுபடி கட்டினீங்கன்னா மறுபடி வெட்டுவேன். முட்டை எப்பப் பிரிஞ்சுதோ அப்பத்தான் பிரிஞ்சுது. அதுக்கு உங்க அமைச்சரையும் தெரியாது, உங்களையும் தெரியாது."

பத்தே நிமிஷத்தில் தீர்ப்பு வந்தது. மூன்று வருஷத்தில் அந்த நிலையம் அவ்வளவு வேகமாக எதையும் செய்ததில்லை.

சாயங்காலம் அவள் ஆய்வுக்கூடத்தில் தன் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஜமீரின் லாரி நின்றது. கிருஷ்ணகிரியில் அத்தாவின் மண்டியில் மாங்காய் தரம் பிரிக்கிற வேலை நாகம்மாவுக்குச் சொல்லி வைத்தாயிற்று. அவளும் மூட்டையோடு லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

கதவருகே காலடிச் சத்தம். கோதண்டபாணி. தாழ்வாரத்தை இருபுறமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"சபீஹா... ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லாதே." கண் நுண்ணோக்கிப் பக்கம் போயிற்று. "அது நெஜமாவே ரெண்டாப் பிரியுமா? நான்... பாத்ததில்லைம்மா. எப்படி இருக்கும்?"

சபீஹா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். அந்தக் கட்டடத்தில் அவள் காதில் விழுந்த முதல் விஞ்ஞானக் கேள்வி அது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த ஒரு கேள்விக்காக அவளுக்கு மனசு இளகியது. அறை மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டியில், ஜமீர் முந்தின நாள் கொண்டுவந்து போட்டதில் இன்னும் இரண்டு உயிரோடு இருந்தன.

"இருங்க சார். ஊசி போட்டா முட்டை விடும். கொஞ்ச நேரம் பொறுத்தீங்கன்னா கண்ணாலயே பாக்கலாம்."

ஊசியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். முள் குத்தாமல் ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு திரும்பினாள்.

டைரக்டர் அதற்குள் நுண்ணோக்கியின்மேல் குனிந்து, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஆகா! ரெண்டாயிடுச்சு. அற்புதம்மா, அற்புதம்!"

"சார், இன்னும் நான் கண்ணாடித் தகடே வெக்கலைங்க."

அவர் கண்ணை எடுக்கவில்லை.

"பரவாயில்லம்மா. எனக்குத் தெரியுது."

சபீஹா முள்ளெலியைத் தண்ணீருக்குள் மெதுவாக விட்டாள். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். அவள் லாரியில் ஏறும்வரை ஜன்னல் வழியாக அவர் எண்ணுவது கேட்டுக்கொண்டே இருந்தது: "நாலு... எட்டு... பதினாறு..."